பதினோராம் பக்கத்துக் கயிறு

ராஜபாளையம்
9 பிப்ரவரி 2024

அன்புத் தங்கை வெள்ளத்தாய்க்கு,

"இந்தக் கதையில் கெட்டவன் யார்?" என்று கார்த்திகா நம்மிடம் கேட்டாளே, நினைவிருக்கிறதா? நம் புத்தகத்தைப் போடுவதாகச் சொல்லி, சென்னைப் பதிப்பகத்திலிருந்து உன் வீட்டுக்கு வந்திருந்தபோது கேட்டாள். நீ பதில் சொல்லாமல் ஆட்டுக்குட்டியை விரட்டுகிற சாக்கில் எழுந்து போய்விட்டாய். "கெட்டவன் யாரும் இல்லையம்மா" என்று நான்தான் சொல்லிவைத்தேன். அந்தக் கேள்வி இத்தனை மாதமாக என்னை விடவில்லை. அதற்கு எழுத்தில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

போனில் சொல்லலாம்தான். ஆனால் உன் ஊரில் சிக்னல் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் நீ பேசுவது எனக்குத் தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி கேட்கிறது. இடது காது போய் வருடங்கள் ஆகின்றன. வலது காதும் இப்போது அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது. கடிதம் என்றால் இரைச்சல் இல்லை.

வந்த வேலையைச் சொல்கிறேன். உங்கள் தேன்பாறைக் கதைக்கு நான் எழுதிய வரிகளைக் கார்த்திகா ஏற்றுக்கொண்டாள். வெளிநாட்டுப் பதிப்பகம் ஒன்றுக்கும் அனுப்பியிருக்கிறாள். அவர்களுக்கும் பிடித்திருக்கிறதாம். உன் படங்களையும் என் வரிகளையும் சேர்த்து அச்சுக்கு முந்தைய நகல் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். அட்டையைப் பார். "ஓவியம்: வெள்ளத்தாய்" என்று எவ்வளவு பெரிதாகப் போட்டிருக்கிறார்கள்!

எனக்குப் பயமாக இருந்த இடம் பதினோராம் பக்கம்தான். அண்ணன் தேன்பாறையில் இறங்குகிறான், தம்பி மேலே கயிற்றைப் பிடிக்கிறான். தேனைப் பங்கு வைப்பதில் தம்பிக்கு ஏற்கெனவே மனத்தாங்கல். அண்ணன் பாதியில் தொங்கும்போது கயிறு போகிறது. அவன் விழுந்த இடத்தில் சுனை பிறக்கிறது. அன்று முதல் தேனெடுக்க இறங்குகிறவனுக்குக் கூடப்பிறந்தவன் கயிறு பிடிப்பதில்லை, மனைவியின் தம்பிதான் பிடிக்கிறான். நீ சொன்ன கதை இதுதானே? கயிறு எப்படிப் போயிற்று என்பது மட்டும் என் குறிப்பில் இல்லை. "கயிறு நழுவியது" என்று எழுதிவிட்டேன். யார் மேலும் பழி இல்லை. மச்சினனுக்குக் கைப்பலம் அதிகம், அதனால் அவன் பிடிக்கிறான் என்று முடித்திருக்கிறேன். வகுப்பில் ஒரு பையன் கண்ணாடியை உடைத்தால் "உடைந்துவிட்டது" என்று சொல்லித்தானே ஆரம்பிப்போம். பிறகு அவனே வந்து சொல்வான். அதே போலத்தான் இதுவும்.

உன் வீட்டுக்காரருக்கும் தம்பி பாண்டிச்செல்வத்துக்கும் என் விசாரிப்பு. நகலைப் பார்த்துவிட்டு உடனே எழுது. உன் "உடனே" எனக்குத் தெரியும்; அதைவிடக் கொஞ்சம் சீக்கிரமாக.

துஆவுடன்,
நூர்னிசா


செண்பகத்தோப்பு
17 பிப்ரவரி 2024

அன்புள்ள டீச்சருக்கு,

வணக்கம். நலம். காதுக்கு வைத்தியம் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் நான் பகுதிநேர ஓவிய வாத்தியாராக இருந்தபோது என் சம்பள பில்லுக்காக ஆபீஸில் கத்திக் கத்தித்தான் உங்கள் காது போனது என்று இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறேன்.

அட்டையைப் பார்த்தேன். எங்கள் வீட்டுக்காரர் அதைத் தூக்கிக்கொண்டு காட்டிலாகா செக்போஸ்ட் வரைக்கும் போய்க் காட்டிவிட்டு வந்தார். அங்கே ஒரு போர்டில் சாம்பல் அணில் இருக்கிறதே, அது நான் வரைந்தது. பேர் போடவில்லை. வருகிறவர்கள் எல்லாம் அதோடு நின்று போட்டோ எடுக்கிறார்கள். இந்தப் புத்தகம்தான் என் பேரோடு வெளியே போகப்போவது. சென்னையில் படங்களைக் காட்சிக்கு வைத்தபோது ஒரு அம்மா "உங்க பாரம்பரிய உடையில வரலையா?" என்று கேட்டார்கள். ராஜபாளையத்தில் எடுத்த நைலக்ஸ் சேலைதான் எங்கள் பாரம்பரியம் என்று சொல்லிவிட்டு வந்தேன். இதெல்லாம் சந்தோஷம்தான்.

ஆனால் டீச்சர், பதினோராம் பக்கத்தில் அந்த வரி கூடாது. கடைசிப் பக்கத்துக் கைப்பலமும் கூடாது. எடுத்துவிடுங்கள்.

அந்த இடத்தை நான் சொல்லவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சொன்னேன். என் வீட்டு முற்றத்தில் வைத்து உங்களுக்கு நன்றாகவே சொன்னேன். நீங்கள்தான் வேறு மாதிரி எழுதிவிட்டீர்கள். கார்த்திகாவுக்குப் பிடிக்க வேண்டும் என்று மாற்றினீர்களோ என்று எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அங்கே வேறு என்ன எழுதுவது என்று கேட்காதீர்கள். கயிறு பிடிக்கிற வீடு எங்களுடையது. அந்த வார்த்தையை நாங்கள் சொல்ல மாட்டோம், எழுதவும் மாட்டோம். படத்தைப் பாருங்கள்.

பாண்டிச்செல்வம் நகலை எழுத்துக் கூட்டி வாசித்தான். எங்கள் வீட்டுக்காரர் பாறையில் இறங்கும்போது கயிறு பிடிக்கிறவன் அவன்தானே. வாசித்துவிட்டுக் கீழே வைத்தான். "நழுவுன கயித்துக்கு மச்சினன் எதுக்குக்கா? நல்ல கயிறா ஒண்ணு வாங்கினாப் போதாதா?" என்றான். கைப்பலத்தைப் படித்ததும் தன் குச்சிக் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். சிரிக்கவில்லை.

அன்புடன்,
வெள்ளத்தாய்


ராஜபாளையம்
26 பிப்ரவரி 2024

அன்புள்ள வெள்ளத்தாய்,

உன் கடிதத்தை மூன்று நாள் வைத்திருந்து பதில் எழுதுகிறேன். உடனே எழுதியிருந்தால் கோபம் கலந்திருக்கும்.

கார்த்திகாவுக்காக நான் எதையும் மாற்றவில்லை. நீ சொன்னாய் என்கிறாய். என் குறிப்பில் இல்லை. அன்று உன் கதையை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டேன். கயிறு பற்றிச் சொல்லிக்கொண்டே வந்தவள், இடையில் நிறுத்தினாய். தண்ணீர் குடிக்கிறாய் என்று நினைத்தேன். பிறகு சுனையில் வந்து சேர்ந்தாய். நடுவில் என்ன ஆயிற்று என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை, அது உண்மை. ஆனால் நீ சொன்னதை நான் திரித்துவிட்டதாகச் சொல்லாதே.

பொதுவாக ஒன்று சொல்கிறேன். விடைத்தாளில் ஒரு கணக்குத் தவறென்றால் பக்கத்தில் சரியான வழியை எழுதிக் காட்டுவோம். வெறும் பெருக்கல் குறி போட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தால் பிள்ளை என்ன செய்யும்? நீ எனக்குப் பெருக்கல் குறி மட்டும் போட்டிருக்கிறாய். ஒரு காரணம் சொல். ஒரு வரியாவது சொல்.

படத்தைப் பார்த்தேன். அழகான படம். பாறை விளிம்பு, அதில் நிற்கும் தம்பி, கீழே தேனீக் கூட்டம். நான் எழுதியதற்கு எதிராக அதில் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

கார்த்திகா மார்ச் கடைசிக்குள் அச்சுக்கு அனுப்ப வேண்டும் என்கிறாள். வெளிநாட்டுப் பதிப்பகம் கேட்பது இப்போதிருக்கிற வடிவத்தை. கொலை என்று ஆகிவிட்டால் குழந்தைப் புத்தகமாக எடுக்க மாட்டார்களாம். எத்தனை வருடம் பேரில்லாமல் வரைந்தாய்! கை எட்டும் இடத்தில் வந்து நிற்கிறது. ஒரு வார்த்தைக்காக அதை இழக்க வேண்டுமா?

துஆவுடன்,
நூர்னிசா


செண்பகத்தோப்பு
5 மார்ச் 2024

அன்புள்ள டீச்சருக்கு,

நேற்று செக்போஸ்ட் வரைக்கும் நடந்து போய்க் கார்த்திகாவுக்குப் போன் பண்ணினேன். அந்த வரியோடு புத்தகம் வருவதானால் படங்களைத் திருப்பி அனுப்பிவிடச் சொன்னேன். அந்தப் பிள்ளை பாவம், அழுகிற குரலில் பேசியது. "மேடம், உங்க கேரியர்ல இது எவ்வளவு பெரிய விஷயம்" என்றது. தெரியும் என்றேன்.

உங்களுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக இதை எழுதுகிறேன். அணில் போர்டில் வாலைத் தப்பாக வரைந்திருந்தால் யாரோ பெயிண்டர் தப்பாகப் போட்டுவிட்டான் என்பார்கள். பேரில்லாத படத்தின் தப்பும் பேரில்லாததுதான். இந்தப் புத்தகத்தில் என் பேர் இருக்கிறது, ஊர் இருக்கிறது, பளியர் என்று எங்கள் மலைச்சனத்தின் பேரும் போட்டிருக்கிறார்கள். இனிமேல் எங்கள் கதை எது என்று யாராவது கேட்டால் இந்தப் புத்தகத்தைத்தான் காட்டுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கே காட்டுவார்கள். கயிறு தானாக நழுவியது என்று அவர்கள் படிக்க வேண்டுமா?

இன்னொன்று. பாண்டிச்செல்வம் இந்த வருசம் கயிறு பிடிக்க வரவில்லை என்று சொல்லிவிட்டான். "புத்தகத்துல போட்ட மாதிரியே ஆயிட்டா, நழுவிருச்சுன்னு எழுதிக்கிடுவியளா?" என்று கேட்டான். எங்கள் வீட்டுக்காரர் பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்தார். அவன் வராமல் அவர் இறங்க மாட்டார். சித்திரை பிறந்தால் தேன் பருவம்.

காரணம் சொல் என்கிறீர்கள். படத்துக்குள்தான் இருக்கிறது. வேறு எங்கும் நான் வைக்க முடியாது.

வெள்ளத்தாய்


ராஜபாளையம்
18 மார்ச் 2024

அன்புள்ள வெள்ளத்தாய்,

'அன்புடன்' என்று போடாமல் கையெழுத்துப் போட்டிருந்தாய். கடிதத்தில் அதைத்தான் முதலில் பார்த்தேன்.

உன் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தேன். இந்த முறை நான் எழுதிய வரி மேல் மின்சார பில்லை வைத்து மறைத்துவிட்டுப் பார்த்தேன். தம்பியின் முகத்தை நீ காட்டவில்லை. முதுகும் இரண்டு கைகளும் தெரிகின்றன. கைகள் விளிம்புக்கு வெளியே நீண்டு விரல்கள் பத்தும் விரிந்திருக்கின்றன. பதறிப்போய் எட்டிப் பிடிக்கப் பார்க்கிறான் என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். ஆனால் எட்டிப் பிடிக்கிறவன் உடம்பு முன்னால் சாயுமே. இவன் குதிகாலில் நிற்கிறான்.

எனக்குச் சந்தேகம் வந்தால் செய்து பார்க்காமல் இருக்க முடியாது, அது உனக்குத் தெரியும். எங்கள் வீட்டுக் கொல்லைக் கிணற்றில் மோட்டார் போட்ட பிறகும் உருளையும் கயிறும் அப்படியே கிடக்கின்றன. வாளி நிறையத் தண்ணீரை மேலே இழுத்து, கையில் கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொண்டு நழுவ விட்டுப் பார்த்தேன். கயிறு ஓடுகிறது, விரல்கள் தாமாகவே மூடுகின்றன. வேண்டாம் என்று நினைத்தாலும் மூடுகின்றன. உள்ளங்கை எரிகிறது, உடம்பு கிணற்றுப் பக்கம் இழுபடுகிறது. பக்கத்து வீட்டம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, டீச்சருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறாள் போல. எனக்குக் கேட்கவில்லை.

மறுபடி வாளியை இழுத்து, இந்த முறை வேண்டுமென்றே விட்டேன். விரல்கள் விரிந்தன. குதிகாலில் நின்றேன்.

அவ்வளவுதான் வெள்ளத்தாய். நழுவவில்லை. அதற்கு மேல் நானும் எழுதவில்லை.

நீ எனக்குச் சொன்னாய் என்பதும் இப்போது விளங்குகிறது. அன்று உன் குரல் கேட்க வேண்டும் என்று வலது காதை உன் பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தேன். அப்படி உட்கார்ந்தால் முகம் சுவர்ப் பக்கம் போய்விடும். நீ பேச்சை நிறுத்தியதும் நான் பேனாவை நிறுத்தினேன். அந்த நேரத்தில் உன் கைகள் என்ன செய்தன என்று நான் பார்க்கவே இல்லை. கையால் சொன்னாய், அல்லவா?

இன்னொன்றும் உனக்குத் தெரிய வேண்டும். 'நழுவியது' என்ற சொல் எனக்கு ஏன் அவ்வளவு சுலபமாக வந்தது தெரியுமா? என் தம்பி ஹமீது ஸ்ரீவில்லிபுத்தூரில் செருப்புக் கடை வைத்திருக்கிறான் என்று சொல்லியிருக்கிறேன். அவன் என்னோடு பேசி நான்கு வருடம் ஆகிறது என்று சொன்னதில்லை. அத்தாவின் வீட்டைப் பங்கு பிரித்தபோது வந்த சண்டை. யார் சொன்னது தவறு என்பதெல்லாம் பழைய கதை. அவன் கடை வழியாகப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து எட்டிப் பார்ப்பேன். நம் புத்தகம் வந்ததும் அவன் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்து அனுப்ப வேண்டும் என்று நினைத்திருந்தேன். கூடப்பிறந்தவன் அப்படிச் செய்தான் என்று என் கையால் எழுதி அவன் கையில் கொடுப்பதா? எங்களுக்குள்ளும் ஏதோ நழுவித்தான் போயிற்று என்று நினைத்துக்கொள்வதில் எனக்கு ஒரு நிம்மதி. அந்த நிம்மதியை உன் கதைக்குள் கொண்டுவந்து போட்டுவிட்டேன்.

எனக்கு ஒன்று தோன்றுகிறது. அந்தச் சொல்லை நீ எழுதக் கூடாது. எனக்கும் எழுத வராது. பதினோராம் பக்கத்தில் எழுத்தே வேண்டாம். உன் படம் மட்டும் இருக்கட்டும். கடைசிப் பக்கத்தில் கைப்பலத்தை எடுத்துவிட்டு, "தன் அக்காள் வீட்டுக்கு அவர் திரும்பி வர வேண்டும் என்று, மனைவியின் தம்பி கயிற்றைப் பிடிக்கிறான்" என்று போடலாமா? பாண்டிச்செல்வத்திடம் வாசித்துக் காட்டிவிட்டுச் சொல்.

துஆவுடன்,
நூர்னிசா


செண்பகத்தோப்பு
27 மார்ச் 2024

அன்புள்ள டீச்சருக்கு,

உள்ளங்கைக்கு மஞ்சள் போட்டீர்களா? இந்த வயதில் கிணற்றடியில் எண்ணெய்க் கையோடு நின்றிருக்கிறீர்கள். நான் பக்கத்தில் இருந்திருந்தால் நல்ல வசவு வாங்கியிருப்பீர்கள்.

ஆமாம் டீச்சர், கையால்தான் சொன்னேன். எங்கள் வீட்டில் அந்தக் கதையை யார் சொன்னாலும் அந்த இடத்தில் வாய் மூடிவிடும். கை மட்டும் விரியும். பாறையில் இறங்குகிற ஆள் இருக்கிற வீட்டில் அந்தச் சொல் காற்றில் கூட இருக்கக் கூடாது என்பார்கள். எங்கள் அம்மா பரிபூரணம் சொல்லும்போது, கை விரிந்த பிறகு நாங்கள் யாரும் மூச்சு விட மாட்டோம். நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்ததை நானும் கவனிக்கவில்லை. பார்த்துவிட்டு மாற்றினீர்கள் என்று நினைத்துவிட்டேன். மனதில் வைக்காதீர்கள்.

உங்கள் கடைசி வரியைப் பாண்டிச்செல்வத்திடம் வாசித்தேன். இரண்டாம் தடவையும் வாசிக்கச் சொன்னான். பொறவு, "டீச்சரம்மா இதை முதல்லயே எழுதியிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுக் கயிற்றை எடுத்து வெயிலில் போட்டான். அவன் அவ்வளவுதான் பேசுவான்.

கார்த்திகாவிடம் பேசினேன். எழுத்தில்லாத பக்கம் என்றதும் பயந்துபோனது. அச்சுப் பிழை என்று கடைக்காரர்கள் திருப்பி அனுப்புவார்களாம். வெளிநாட்டுக்காரர்கள் இந்த வடிவம் தங்களுக்கு வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். ஒரு நாள் முழுக்கத் தூரிகையைத் தொட எனக்கு மனசு வரவில்லை. இல்லை என்று சொன்னால் பொய். மறுநாள் எழுந்து வரைய உட்கார்ந்தேன். கார்த்திகா தமிழில் மட்டும் கொஞ்சப் பிரதி போடுகிறேன் என்று ஒத்துக்கொண்டது. அது போதும்.

உங்கள் தம்பி விஷயம். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் புத்தகத்தை யாரிடமும் கொடுத்து அனுப்பாதீர்கள். நீங்களே கொண்டுபோங்கள்.

மிகுந்த அன்புடன்,
வெள்ளத்தாய்


ராஜபாளையம்
14 டிசம்பர் 2024

அன்புத் தங்கை வெள்ளத்தாய்க்கு,

இந்த வருடத் தேன் பாட்டில் வந்து சேர்ந்தது. இறங்கியவருக்கும் பிடித்தவருக்கும் என் நன்றி.

கார்த்திகா பயந்தது நடந்தது. கடைக்காரர்கள் சில பேர் பிரதிகளைத் திருப்பியிருக்கிறார்கள். ஒருவர் "எழுத்து விழவில்லை" என்று பதினோராம் பக்கத்தில் பென்சிலால் எழுதியே அனுப்பினாராம். நானும் அவளும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஆனாலும் முதல் பதிப்பு தீர்ந்துவிட்டது. உன் அடுத்த கதையை உன் விருப்பம் போலவே செய்யலாம் என்று சொல்கிறாள்.

போன வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். நீ சொன்னபடி நானே கொண்டுபோனேன். துணிவு வர இவ்வளவு மாதம் ஆயிற்று.

ஹமீது கடையில் வாடிக்கையாளர் உட்காரும் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அளவு பார்க்க முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தான். எழுந்திருக்கவில்லை. புத்தகத்தை நீட்டினேன். வாங்கினான். அட்டையைப் பார்த்தான். பிறகு ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினான்.

பதினோராம் பக்கத்தில் நின்றுவிட்டான். அதில் வாசிக்க எதுவும் இல்லை. ஆனாலும் கண் எடுக்கவில்லை. ஒருவர் வந்து எட்டாம் நம்பர் செருப்புக் கேட்டார். அவன் திரும்பவில்லை. எனக்கு வாய் துறுதுறுவென்றது. முப்பது வருடம் விளக்கம் சொல்லியே பழகிய வாய் இது. இது அவர்கள் மலைக் கதை, நம்மைப் பற்றி எழுதியது இல்லை என்று சொல்ல வேண்டும் போல இருந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் தானாகத்தான் பக்கத்தைத் திருப்பினான். கடைசி வரை பார்த்து மூடினான். உதடு அசைந்தது. எனக்குக் கேட்கவில்லை, ஆனால் பார்த்தேன்.

"அக்கா, டீ சொல்லவா?"

சொல் என்றேன். குடித்தோம். வேறு எதுவும் பேசவில்லை. புத்தகம் அவனிடம் இருக்கிறது.

இரண்டாம் பதிப்பின் கடைசிப் பக்கத்தில் வாசிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு வேண்டும் என்று கார்த்திகா கேட்டிருக்கிறாள், யாரும் அச்சுப் பிழை என்று நினைத்துவிடாதபடி. எழுதிக் கீழே வைத்திருக்கிறேன். உங்கள் வழக்கத்துக்கு ஒத்து வராவிட்டால் அடித்துவிடு.

துஆவுடன்,
நூர்னிசா

குறிப்பு: பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும்போது பதினோராம் பக்கம் வந்தால் எதுவும் சொல்லாதீர்கள், பக்கத்தைப் பிள்ளையே திருப்பும் வரை காத்திருங்கள்.